போனில் சொல்லாமல் விட்டது
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



வசூல், வட்டி, தவணை என்றால் எனக்கு மளமளவென்று வரும். இன்றைக்கு உடம்பைப் பற்றிப் பேசச் சொல்லிவிட்டார்கள். கொஞ்சம் தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஊர் செந்துறை பக்கம். 2018-ல் மார்பில் கட்டி வந்து, சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன், கீமோ, கரண்ட் வைப்பது எல்லாம் ஆச்சு. கீமோவோடு மாதவிலக்கும் நின்றுபோச்சு. அதற்குப் பிறகு தினம் ஒரு டமாக்சிஃபென் மாத்திரை, ஐந்து வருஷத்துக்கு. மூணு மாசத்துக்கு ஒரு தடவை காட்ட வேண்டும். அரியலூரில் ராத்திரி ரயில் ஏறி, எழும்பூரில் இறங்கி, காலையிலேயே வரிசையில் உட்கார்ந்தால், டாக்டரம்மா பார்ப்பது பத்து நிமிஷம். துணைக்கு என் மகன் வருவான். சிமெண்ட் பாக்டரியில் ஒப்பந்த வேலை, லீவு போட்டால் சம்பளம் கிடையாது. முந்திரிக்காட்டு வேலையில் என் கூலியும் போகும்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. அதே மாசம் 25-ந் தேதி, டாக்டர்கள் போனிலும் வீடியோவிலும் எப்படி வைத்தியம் பார்க்கலாம் என்று மத்திய அரசு விதிமுறை வெளியிட்டது. ஏப்ரலில் இ-சஞ்சீவனியில் வீட்டிலிருந்தே காசில்லாமல் டாக்டரிடம் பேச வழி வந்தது. என் ஆஸ்பத்திரியிலிருந்தும் கூப்பிட்டு, "வரவேண்டாம்மா, வீடியோவுல பேசிக்கலாம்"னு சொன்னாங்க. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா!

போன் மகனுடையது. திண்ணையில் உட்கார்ந்து அவன்தான் பிடித்திருந்தான். மருமகள் பின்னால் நிற்கிறாள். டாக்டரம்மா மாத்திரை கேட்டார், கை வீக்கம் கேட்டார். "வேற ஏதாவது தொந்தரவு இருக்கா?" என்றார்.

இருந்தது. மூணு வாரமாகச் சேலையில் ரத்தம் படுகிறது. நின்றுபோன பிறகு ஒரு சொட்டு பட்டாலும் சொல்ல வேண்டும், இந்த மாத்திரை சில பேருக்குக் கர்ப்பப்பையின் உள்சவ்வைத் தடிக்க வைக்கும் என்று அவரே முன்னாடி சொல்லியிருக்கிறார். பெற்ற பிள்ளை முகத்துக்கு நேராகப் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அதை எப்படிச் சொல்வது? "ஒண்ணுமில்லீங்க டாக்டர், நல்லாருக்கேன்"னேன். "ரொம்ப சந்தோஷம்மா"ன்னு அவங்களும் முடிச்சுட்டாங்க.

மறுநாள் ஒரு பெண் கூப்பிட்டு, போனில் பார்த்தது திருப்தியா, அஞ்சுக்கு எத்தனை மார்க் என்று கேட்டது. அஞ்சுக்கு அஞ்சு போட்டேன். பொய் இல்லை. பஸ் காசு மிச்சம், மகனுக்கு ஒரு நாள் சம்பளம் மிச்சம், நிஜமாகவே திருப்திதான்.

ஊரடங்கு கொஞ்சம் தளர்ந்து குழு கூடியபோது, தலைசுற்றி உட்கார்ந்துவிட்டேன். ஊக்குநர் அக்கா தனியாகக் கூட்டிப்போய்க் கேட்டார். சொல்லிவிட்டேன். அக்கா திட்டிய திட்டை இங்கே சொல்ல முடியாது! தன் போனிலேயே ஆஸ்பத்திரிக்குப் போட்டு, என் கையில் கொடுத்துவிட்டு, மாட்டுக்கொட்டகை வாசலில் காவல் நின்றார். இந்தத் தடவை எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டரம்மா, "போன்ல இதைப் பார்க்க முடியாது, உடனே கிளம்பி வாங்க" என்றார். இ-பாஸ் எடுத்துப் போனோம். ஸ்கேன் எடுத்து, சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். ரிசல்ட் வரும்வரை நான் சோறு தின்னவில்லை. புற்று இல்லை, பாலிப் என்கிற சதை வளர்ச்சிதான். எடுத்துவிட்டார்கள்.

அன்றைக்கு டாக்டரம்மா சொன்னது அப்படியே நினைவில் இருக்கிறது. "நேர்ல வந்திருந்தா உங்க மகனை வெளியே அனுப்பிட்டுக் கேட்டிருப்பேன். போன்ல பக்கத்துல யாரு இருக்காங்கன்னே எனக்குத் தெரியல. அன்னைக்கு எனக்கும் திருப்தியாத்தான் இருந்துச்சும்மா." இப்போதெல்லாம் போனில் பேச ஆரம்பித்ததும் அவர் கேட்கிற முதல் கேள்வி, "பக்கத்துல யாரு?"

போன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அப்புறமும் மாத்திரை முடிகிறவரை ஒரு தடவை நேரில், ஒரு தடவை போனில் என்றுதான் காட்டினேன். ரிப்போர்ட் காட்ட, மாத்திரையைத் தொடர, சந்தேகம் கேட்க அது போதும். புதுக் கட்டியைப் போன் தொட்டுப் பார்க்காது. வலி தாங்காதவர்களுக்குத் தரும் மார்ஃபினைப் போனில் எழுதித் தரவும் அந்த விதிமுறைப்படி அனுமதி இல்லை. டாக்டர் அனுப்பும் சீட்டில் அவருடைய பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தாக வேண்டும். "நேரில் வா" என்று அவர் சொன்னால், அலைக்கழிக்கிறார் என்று கோபப்படாதீர்கள்.

2021-ல் வந்த மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாகப் போகும் தன்னார்வலர்கள் நம் குழுப் பெண்கள்தான். அவர்களுக்கு ஒரு வார்த்தை: பிரஷர் பார்க்கும்போது மாமியாரையும் மகனையும் கொஞ்சம் வெளியே அனுப்பிவிட்டு, இதையும் கேளுங்கள்.

கூட்டமைப்பிடம் ஒரு கோரிக்கை. நம் அலுவலகத்தில் பழைய பதிவேடு அடுக்கியிருக்கும் அந்தச் சின்ன அறையைக் காலி செய்து, ஒரு நாற்காலி, ஒரு சார்ஜர், கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட்டுக் கொடுங்கள். டாக்டரிடம் பேச வேண்டியவர் ரிப்போர்ட்டோடு அங்கே வரட்டும். எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு பெண், அவர் கூப்பிட்டால் மட்டும் உள்ளே போகட்டும். தாழ்ப்பாள் செலவு என்னுடையது.