மகிழ்ச்சி வகுப்பில் யாருக்கு இடம்?
(நினைவுப் பேருரையின் எழுத்து வடிவம்)



பிள்ளைகளின் படிப்பைப் பற்றி இந்த மேடையில் பலமுறை பேசியிருக்கிறோம். இன்று அவர்களின் மனதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஆசிரியர்களுக்கு 'நேர்மறை உளவியல்' பயிற்சி கொடுத்து, அதன் வழியாக மாணவர் மனநலத்தைக் காக்கலாம் என்று இப்போது எங்கும் சொல்கிறார்கள். அதில் நம் பிள்ளைகளுக்கு என்ன இருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

முதலில் அது என்ன என்று பார்த்துவிடுவோம். 1998இல் அமெரிக்க உளவியல் சங்கத் தலைவராக இருந்த மார்ட்டின் செலிக்மன், மனநோயை ஆராய்ந்தது போதாது, மனிதர் நன்றாக வாழ்வது எப்படி என்பதையும் ஆராய வேண்டும் என்றார். ஆஸ்திரேலியாவின் ஜீலாங் கிராமர் பள்ளி 2008இல் அவரையே அழைத்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. அது பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் பள்ளி. 2018 ஜூலையில் டெல்லி அரசு தன் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு வரை 'மகிழ்ச்சிப் பாடத்திட்டம்' கொண்டுவந்தது. 2025 ஜூலையில், நீட் பயிற்சிக்குச் சென்ற ஒரு மாணவியின் மரணம் தொடர்பான வழக்கில், கல்வி நிறுவனங்களின் பணியாளர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு முறையாவது மனநலப் பயிற்சி கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் வழிகாட்டுதல் தந்தது. ஒடுக்கப்பட்ட பிரிவு மாணவர்களைப் பாகுபாடின்றி அணுகவும் பயிற்சி வேண்டும் என்று அதில் இருக்கிறது. ஆகவே பயிற்சி வரப்போகிறது. யார் கொடுப்பார்கள், எதைக் கொடுப்பார்கள் என்பதில் நாம் இப்போதே தலையிட வேண்டும்.

நம் பக்கத்துப் பள்ளி ஒன்றை எடுத்துக்கொள்வோம். பள்ளிப்பட்டு வட்டம், வெளியகரம் அரசு உயர்நிலைப் பள்ளி. 2018 ஜூன் மாதம் அங்கே ஓர் ஆங்கில ஆசிரியருக்கு இடமாறுதல் வந்தது. பிள்ளைகள் அவரைக் கட்டிப்பிடித்து அழுது, வெளியே விடாமல் மறித்த படம் நாடு முழுக்கப் போனது. இடமாறுதல் உத்தரவைச் சில நாட்கள் நிறுத்திவைக்க வேண்டி வந்தது. அந்தப் பிள்ளைகள் என்ன சொன்னார்கள்? எங்கள் வீட்டு நிலைமையைக் கேட்பார், அண்ணன் மாதிரி பேசுவார் என்றார்கள். உளவியல் நூல்கள் மன உறுதிக்கு முதல் தேவையாகச் சொல்வது, நம்பத்தக்க ஒரு பெரியவருடனான உறவைத்தான். அது அங்கே இருந்தது. மாணவர் எண்ணிக்கைக் கணக்கில் அவர் 'உபரி ஆசிரியர்' ஆனதுதான் இடமாறுதலுக்குக் காரணம். அந்த உறவை எழுதிவைக்க அரசின் கணக்கில் ஒரு கட்டம் இல்லை.

இந்த வட்டாரத்துப் பள்ளிகளுக்கு யார் வருகிறார்கள்? விசைத்தறிக்குத் தார் சுற்றிக் கொடுத்துவிட்டு வரும் பிள்ளை. செங்கல் சூளைக்குப் பெற்றோர் போகும்போது கூடவே போய், பாதி ஆண்டைத் தொலைத்துவிட்டு வரும் இருளர் வீட்டுப் பிள்ளை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒப்பந்த வேலைக்கு ஷிப்ட் போகும் தாயின் பிள்ளை. இவர்களிடம் 'இன்று நன்றி சொல்ல வேண்டிய மூன்று விஷயங்களை எழுது' என்றால் எழுதுவார்கள். எழுதச் சொல்வதில் தப்பில்லை. ஆனால் எழுதக்கூடாத நான்காவது விஷயம் ஒன்று இருக்கிறது. அதைக் கேட்கப் பயிற்சி பெற்ற ஆசிரியர் வேண்டும்.

சாத்தாரா பள்ளியில் சிறுவன் பீம்ராவ் வீட்டிலிருந்து கொண்டுபோன சாக்கில் உட்கார்ந்தான். பியூன் வராத நாளில் அவனுக்குத் தண்ணீர் கிடையாது. அவனுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்திருந்தால் தாகம் தீர்ந்திருக்குமா?

2023 ஆகஸ்ட் 9 இரவு நாங்குநேரியில் நடந்ததை மறக்க முடியாது. பிளஸ் டூ படித்த தலித் மாணவன். உடன் படித்தவர்களின் தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போவதை நிறுத்தியிருந்தான். விசாரித்தபோது நடந்ததைச் சொன்னான். அன்றிரவே வீடு புகுந்து அவனையும் தங்கையையும் வெட்டினார்கள். 'மனம் விட்டுப் பேசு' என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அந்தப் பையன் பேசினான். பேசிய பிறகு அவனைக் காப்பாற்ற யாரிடமும் திட்டம் இல்லை. 'மாணவர் மனசு' பெட்டி வைத்திருக்கிறார்கள், 14417 என்ற உதவி எண் இருக்கிறது. நல்லதுதான். பெட்டியில் சீட்டு போட்ட பிள்ளை மாலையில் எந்த வழியாக வீட்டுக்குப் போகும் என்று யோசிக்கும் ஆளும் வேண்டும்.

நேர்மறை உளவியலைத் தூக்கிப்போட நான் சொல்லவில்லை. அதற்குள்ளேயே நமக்கான வாதம் இருக்கிறது. 1967இல் செலிக்மனும் ஸ்டீவன் மெயரும் நாய்களை வைத்துச் சோதனை செய்தார்கள். தப்ப முடியாத மின்னதிர்ச்சியைத் திரும்பத் திரும்பப் பெற்ற நாய்கள், பிறகு தப்ப வழி இருந்தும் முயலாமல் படுத்துவிட்டன. 'கற்றுக்கொண்ட கையறுநிலை' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அரை நூற்றாண்டு கழித்து, 2016இல், அதே இருவரும் தங்கள் முடிவைத் திருத்தி எழுதினார்கள். நீண்ட துன்பத்தில் ஒடுங்கிப்போவது உயிரின் இயல்பு, அதைக் கற்க வேண்டியதில்லை. கற்றுக்கொள்ள வேண்டியது, என் செயலால் நிலைமை மாறும் என்பதைத்தான் என்றார்கள்.

தோழர்களே, இதன் பொருளைப் பாருங்கள். நம்பிக்கையை அறிவுரையாக ஊட்ட முடியாது. பிள்ளை புகார் சொல்லி, அது கேட்கப்பட்டு, நிலைமை மாறுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

செலிக்மன் இன்னொன்றும் சொல்கிறார். தீங்கு நேரும்போது 'குறை என்னிடம், இது மாறவே மாறாது' என்று விளங்கிக்கொள்பவர் சோர்வில் விழுவார். 'காரணம் வெளியே இருக்கிறது, இதை மாற்றலாம்' என்பவர் எழுவார். பாபாசாகேப் நம் மக்களுக்குச் சொன்னது வேறென்ன? இழிவு உன் பிறப்பில் இல்லை, மனிதர் கட்டிய அமைப்பில் இருக்கிறது, கட்டியதை இடிக்கலாம் என்றார். கும்மிடிப்பூண்டி பக்கம் ஆத்துப்பாக்கத்தில், 2020 சுதந்திர தினத்தன்று ஊராட்சித் தலைவர் அமிர்தம் கொடியேற்ற விடாமல் தடுக்கப்பட்டார். ஐந்து நாள் கழித்து மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் அவரே ஏற்றினார். அதைப் பார்த்த பிள்ளைகளுக்கு அது எந்த மகிழ்ச்சி வகுப்பையும் விடப் பெரிய பாடமாக இருந்திருக்கும்.

நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது, கையில் வண்ணக் கயிறு கூடாது, பள்ளி நல அலுவலர் வேண்டும், ஆசிரியர் தேர்வில் சமூக நீதி பற்றிய மனப்போக்கையும் பார்க்க வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. ஆசிரியர் பயிற்சியை இதிலிருந்து தொடங்கலாம். என் தரப்பில் மூன்று கோரிக்கைகள்.

ஒன்று. மனநலப் பயிற்சியில் சாதி தனிப் பாடமாக இருக்க வேண்டும். வகுப்பில் யார் பக்கத்தில் யார் உட்காருவதில்லை, எந்தப் பிள்ளைக்கு என்ன பட்டப்பெயர், கழிவறை கழுவ யாரை அனுப்புகிறார்கள் என்று கவனிக்க ஆசிரியர் பழக வேண்டும். தன் சாதி தன் நாக்கில் எப்படி வருகிறது என்றும் பார்க்க வேண்டும்.

இரண்டு. புகார் சொன்ன பிள்ளைக்கு அன்று மாலைக்குள் என்ன பாதுகாப்பு என்பது ஒவ்வொரு பள்ளியிலும் எழுத்தில் இருக்க வேண்டும். அதற்குப் பொறுப்பானவர் யார் என்று பெற்றோருக்குத் தெரிய வேண்டும்.

மூன்று. பயிற்சிக் குழுவில் தலித், பழங்குடி ஆசிரியர்கள் பயிற்றுநர்களாக இடம்பெற வேண்டும்.

இங்கே பி.எட். படிக்கும் மாணவர்கள் பலர் இருக்கிறீர்கள். நாளை வகுப்பில் நிற்கப்போவது நீங்கள். உங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டம் என்றைக்கு என்று கேட்டு, பெற்றோரோடு போய் இந்த மூன்றையும் தீர்மானமாக வையுங்கள். மன்றம் உங்களோடு வரும்.