இராவணனை மேடையேற்றும்போது
(நுகேகொடையில் கலை அன்பர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



'இராவணேசன்' நாடகத்தை மீண்டும் மேடையேற்ற வேண்டும் என்ற விருப்பம் இங்கே எழுந்துள்ளது. நல்ல விருப்பம். ஆனால், "வேந்தனின் வீரத்தைக் காட்டுங்கள், மண்டோதரியின் புலம்பலைக் குறைத்துவிடுங்கள்" என்று நண்பர் ஒருவர் கூறினார். அதற்கு மறுமொழி கூறவே எழுந்தேன்.

1956இல் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர, சிங்கள நாட்டார் நாடக மரபைத் தழுவி 'மனமே'யைப் படைத்தார். அந்த மரபுக்கு மூலம் தமிழ்க் கூத்தே என்பது அறிஞர் கருத்து. அவ்வெற்றி பேராசிரியர் சு. வித்தியானந்தனுக்கு ஊக்கமளித்தது. பேராதனை மாணவரைக் கொண்டு மட்டக்களப்புக் கூத்தை அவர் நகர மேடைக்குக் கொணர்ந்தார். 1962இல் பாரதக் கதையான 'கர்ணன் போர்' வந்தது. அப்பத்தாண்டின் நடுவில், கம்பனின் யுத்த காண்டத்தைத் தழுவி சி. மௌனகுரு எழுதிய 'இராவணேசன்' வந்தது.

வட்டக்களரியில் விடிய விடிய ஆடிய கூத்து ஓரிரு மணி நேரத்துள் அடங்கியது. எதைச் சுருக்கினார்கள்? நீண்ட வரவுகளையும் மீண்டும் மீண்டும் வரும் பாட்டுகளையும் சுருக்கினார்கள். மத்தளத்தையும் ஆட்டத்தையும் கைவிடவில்லை. அரக்கன் என்று மட்டும் அறியப்பட்டவனைத் தன் நெஞ்சோடு போராடும் மனிதனாக்கினார்கள். புதுமை அங்கேதான் இருக்கிறது.

கம்பன் காட்டும் கும்பகருணன் அறம் இதுவென எடுத்துரைத்தான். பின்னர் அண்ணனுக்காகவே மாண்டான். சீதையை விட்டுவிடுமாறு இந்திரசித்தும் வேண்டினான், அவனும் மாண்டான். மன்னன் தன் மானத்தைக் காத்துக்கொண்டான், இலங்கை சுடுகாடாயிற்று. இத்தனைக்கும் விலை கொடுத்தவள் மண்டோதரி. அவள் குரலை நீக்கினால் எஞ்சுவது வாள்வீச்சும் கைதட்டலும் அன்றி வேறென்ன?

1983 முதல் 2009 வரை போர் நடந்த நாடு இது. மகனை இழந்த தாய் இல்லாத ஊர் உண்டா? இராவணன் எமக்கே உரியவன் என்று தமிழரும் கூறுவர். சிங்களவரிலும் பலர் கூறுவர். அந்த வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். மண்டோதரியின் கண்ணீருக்கு யாரும் வழக்காட வருவதில்லை; அது எல்லா வீட்டுக்கும் உரியது. ஆகவே, அதைக் காட்டும் நாளில் சிங்கள அயலவரையும் அழையுங்கள்.

இன்னுமொன்று. கற்றோர் பலர் கூத்தை இழிவாக எண்ணிய காலத்திலும், வேளாண்மை வெட்டு முடிந்ததும் களரி கட்டி ஆடி அதைக் காத்தவர்கள் உழவர்கள். நகரம் கூத்தை உயர்த்தியது என்று பெருமை பேசாதீர்கள், நகரம் கடன்பட்டிருக்கிறது. அண்ணாவியாரை ஊரிலிருந்து அழைத்து வாருங்கள். அவருக்குத் தக்க ஊதியம் கொடுங்கள். அழைப்பிதழில் அவர் பெயரை முதலில் அச்சிடுங்கள். ஆட்டத்தை அவர் திருத்தட்டும், நாம் கற்றுக்கொள்வோம்.

இவ்விரண்டையும் செய்வதானால் நாடகத்தை ஏற்றுங்கள். செய்ய மனமில்லையேல் திரையைத் திறக்க வேண்டாம்.