வானலைக் கணக்கில் நம் வயல்

(உழவர் நாள் விழாவில் நிகழ்த்திய உரை)



குறுவைக்கு ஆடுதுறை 36 போடுகிறோம். 110 நாளில் அறுவடைக்கு வந்துவிடும். நீண்ட சம்பாவுக்கு, தண்ணீர் தேங்கும் தாழ்ந்த வயலுக்கு, சி.ஆர். 1009 போடுகிறோம். அதற்கு 155 நாளாவது வேண்டும். இரண்டும் நல்ல இரகங்களே. பருவம் மாற்றிப் போட்டால் என்ன ஆகும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஓர் இரகத்தை உருவாக்கும் ஆராய்ச்சியாளர், எந்தப் பருவம், என்ன மண், எவ்வளவு தண்ணீர், எந்தப் பூச்சி என்பதையெல்லாம் கலப்புச் செய்வதற்கு முன்னரே எழுதி வைத்துக்கொள்கிறார். அந்தக் குறிப்பில் விட்டுப்போன வயலுக்கு அந்த இரகம் பொருந்தினால் அது அதிர்ஷ்டம்தான்.

இன்று நான் பேச வந்தது நெல்லைப் பற்றி அன்று. உங்கள் சட்டைப்பையில் இருக்கும் செல்போனுக்கும், கிணற்றடியில் இருக்கும் மொபைல் ஸ்டார்ட்டருக்கும், இனி வயலுக்கு வரப்போகும் சென்சார் கருவிகளுக்கும் இப்படி ஒரு குறிப்பு உண்டு. அதைப் பற்றிப் பேச வந்தேன். முதலில் என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வாழைத் தோட்டத்தில் மண்ணின் ஈரத்தை அளக்கும் ஆறு சென்சார்களைப் பதித்தோம். ஒவ்வொன்றும் அரை மணிக்கு ஒரு முறை ஈர அளவைக் கம்பியில்லாமல் மோட்டார் அறையில் உள்ள பெட்டிக்கு அனுப்ப வேண்டும். கருவியுடன் வந்த தாளில் நூறு மீட்டர் எட்டும் என்று அச்சிட்டிருந்தது. எங்கள் தொலைவு எழுபது மீட்டர்தான். கன்று நட்ட புதிதில் ஆறும் ஒழுங்காகப் பேசின. ஐந்தாம் மாதம் நான்கு கருவிகள் வாயை மூடிக்கொண்டன. பேட்டரியை மாற்றினோம், பெட்டியை மாற்றினோம், பலனில்லை. தோட்டக்காரர் இரண்டு நாள் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "சார், நீங்க பதிக்கிறப்ப கன்று முழங்கால் உயரம். இப்ப தலைக்கு மேல இலை மூடிக் கிடக்கு. அதுக்குள்ள பூந்து வரணும்ல?" என்றார்.

அவர் சொன்னதே சரி. பச்சை இலையில் பெரும்பகுதி தண்ணீர். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை அது வழிமறித்து உறிஞ்சிவிடும். நூறு மீட்டர் என்று அச்சிட்டவர் பொய் சொல்லவில்லை. அவர் மனத்தில் இருந்த இடத்தில் வாழை இல்லை, அவ்வளவுதான். அதைக் கேட்டறியாமல் வாங்கியது என் தவறு.

ஒரு நிறுவனத்தின் செல்போன் இன்னொரு நிறுவனத்தின் டவருடன் பேச வேண்டுமானால் இருவரும் ஒரே விதியைப் பின்பற்ற வேண்டும் அல்லவா? அந்த விதிப் புத்தகத்திற்குத் தர நிர்ணயம் என்று பெயர். பல நாட்டுப் பொறியாளர்கள் கூடி, பல ஆண்டுகள் வாதாடி, வாக்கெடுத்து எழுதுவது அது. எழுதத் தொடங்கும்போதே, இதை யார், எங்கே, எதற்காகப் பயன்படுத்தப் போகிறார்கள் என்று ஒரு படம் வரைந்துகொள்கிறார்கள். அதைத்தான் பயன்பாட்டு மாதிரி என்கிறோம். பிறகு போட்டியிடும் யோசனைகளை அந்தப் படத்தில் வைத்துக் கணிப்பொறியில் ஓட்டிப் பார்க்கிறார்கள். நம் செயல்விளக்கத் திடல் போன்றதுதான் இதுவும். திடல் நஞ்சையில் அமைந்தால் ஒரு இரகம் வெல்லும், மானாவாரியில் அமைந்தால் வேறு இரகம் வெல்லும்.

வைஃபையை எடுத்துக்கொள்வோம். ஐ.இ.இ.இ. என்னும் பொறியாளர் அமைப்பு 1997-ஆம் ஆண்டு வெளியிட்ட 802.11 என்ற எண்ணுள்ள தர நிர்ணயத்தில் பிறந்தது அது. 2009-இல் வெளிவந்த 802.11என் என்ற பிரிவுக்கு, 2003, 2004 ஆண்டுகளிலேயே பயன்பாட்டு மாதிரிகளை எழுதிவிட்டார்கள். வீடு, சிறிய அலுவலகம், பெரிய அலுவலகம், பலர் கூடும் பொது இடம் என்று இடங்களைப் பிரித்தார்கள். ஓரிடத்தில் எத்தனை கருவி, உயர்தரத் தொலைக்காட்சிப் படத்துக்கு நொடிக்கு எத்தனை மெகாபிட், பேச்சு எவ்வளவு தாமதமானால் பொறுக்கலாம் என்று எண் எண்ணாகக் குறித்தார்கள். மிக நேர்த்தியான வேலை. ஆனால் வீட்டையும் அலுவலகத்தையும் நினைத்துச் செய்த வேலை.

வீட்டுக்குள் வளர்ந்த வைஃபை வெட்டவெளிக்கு வந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தேனியிலேயே சான்று இருக்கிறது. அங்குள்ள அரவிந்த் கண் மருத்துவமனையும், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து, கிராமத்துக் கண் மையத்தில் இருக்கும் நோயாளியைத் தேனி மருத்துவர் திரையில் பார்த்துப் பேசும்படி செய்தார்கள். 2006-ஆம் ஆண்டு ஐந்து கிராம மையங்கள் அப்படி இணைந்திருந்தன. உயரமான கம்பத்தில் திசை பார்த்து ஆன்டெனா வைத்தால் வைஃபை அலை பல கிலோமீட்டர் போகும். அலை போனது, விதிதான் போகவில்லை.

ஒவ்வொரு தகவல் பொட்டலத்தையும் அனுப்பியவுடன் "கிடைத்தது" என்ற இரசீது வர வேண்டும் என்பது வைஃபையின் விதி. அதற்குக் காத்திருக்கும் நேரம் மிகக் குறைவு. ஒரு நொடியைப் பத்து இலட்சம் பங்காக்கினால் ஒரு பங்குக்கு மைக்ரோ நொடி என்று பெயர். வைஃபை தன் நேரத்தை 9 அல்லது 20 மைக்ரோ நொடித் துண்டுகளாக நறுக்கிக் கணக்கிடுகிறது. வீட்டுக்குள் அது தாராளம். 15 கிலோமீட்டர் தொலைவு என்றால் போய்வர 30 கிலோமீட்டர். ஒளியின் வேகத்தில் சென்றாலும் 100 மைக்ரோ நொடி ஆகும். இரசீது வழியில் வந்துகொண்டிருக்கும்போதே, வரவில்லை என்று முடிவு செய்து கருவி மறுபடியும் அனுப்பத் தொடங்கிவிடும். ஒரே மூட்டையைத் திரும்பத் திரும்ப ஏற்றுகிற கதைதான்.

ஆராய்ச்சியாளர்கள் மலிவான அதே கருவியை வைத்துக்கொண்டு விதியை மாற்றினார்கள். முறைப்பாசனம் போல, இந்த நேரம் இந்த முனை பேச வேண்டும், அடுத்த நேரம் அந்த முனை என்று முறை வைத்தார்கள். மூட்டைக்கு மூட்டை இரசீது கேட்காமல் ஒரு வண்டி லோடுக்கு ஒரே இரசீது என்று ஆக்கினார்கள். படம் தெளிவாக ஓடியது.

அவர்களுக்கு விதியை மாற்றத் தெரிந்தது, மாற்றினார்கள். கடையில் கருவி வாங்கும் நமக்கு அது இயலாது. ஆகையால் புத்தகம் எழுதும்போதே நம் வயல் அதில் ஏற வேண்டும். வைஃபை குடும்பத்திலேயே அப்படி ஒரு முறை ஏறியிருக்கிறது. 802.11ஏஹெச் என்ற பிரிவை எழுத 2010-இல் கூடியவர்கள், மின் மீட்டர், தொழிற்சாலை, மருத்துவம் ஆகியவற்றோடு சுற்றுச்சூழல், வேளாண்மைக் கண்காணிப்பையும் மாதிரிகளில் சேர்த்தார்கள். ஒரு கிலோமீட்டர் எட்ட வேண்டும், நொடிக்கு 100 கிலோபிட் போனால் போதும் என்று அளவு குறித்தார்கள். அலுவலக வைஃபைக்காரர் இந்த வேகத்தைக் கேட்டால் சிரிப்பார். மண் ஈரத்தைச் சொல்ல அதுவே அதிகம். அந்த எண்களிலிருந்துதான் மற்றவை பிறந்தன. இலையைக் கடந்து செல்ல எளிதான, 1 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழான அலை. ஒரு பெட்டியின் கீழ் 8,191 கருவிகள். பெட்டியிடம் நேரம் குறித்துக்கொண்டு மீதி நேரமெல்லாம் தூங்கிப் பேட்டரியைச் சேமிக்கும் ஏற்பாடு. 2016 டிசம்பரில் இது ஒப்புதல் பெற்றது.

இனிச் செல்போனுக்கு வருகிறேன். உங்களில் பலருக்கு உண்மையில் தலைவலி தருவது இதுதான்.

செல்போன் தரங்களைப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் எடைபோட்டு ஏற்கிறது. 4ஜி வந்தபோது அவர்கள் சோதனைக்கு வைத்திருந்த "கிராமம்" எப்படிப்பட்டது தெரியுமா? ஒரு டவருக்கும் அடுத்த டவருக்கும் இடையே 1,732 மீட்டர். செல்போன் வைத்திருப்பவர் மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் போகிறார். இது எந்த ஊர்க் கிராமம் என்று நீங்கள் கேட்கலாம். டவர்கள் அடுத்தடுத்து நிற்க, கார்கள் பறக்கும் நெடுஞ்சாலை ஓரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏக்கர் கணக்கில் பார்த்தால் ஒரு டவருக்கு ஏறத்தாழ 640 ஏக்கர். நம் ஊர்களில் அத்தனை நெருக்கமாக டவர் நட்டால் எந்த நிறுவனத்துக்கும் கட்டுப்படியாகாது. ஊராட்சி மன்றம் இருக்கும் ஊர்வரை கண்ணாடி இழைக் கம்பி வருகிறது. அங்கே நிற்கும் ஒரு டவர் சுற்றுப்பட்ட குக்கிராமங்களுக்கும் வயல்களுக்கும் எட்டியாக வேண்டும். நாம் நடக்கிறோம், மாட்டு வண்டியிலும் மொபெட்டிலும் போகிறோம்.

5ஜிக்கு மாதிரி எழுதும் காலத்தில், 2014-இல் தோன்றிய டி.எஸ்.டி.எஸ்.ஐ. என்னும் இந்தியத் தர அமைப்பு மூலம் நம் நாட்டார் இதை வாதாடினார்கள். சென்னை ஐ.ஐ.டி., ஐதராபாத் ஐ.ஐ.டி. ஆகியவற்றின் பொறியாளர்கள் அதில் பெரும்பங்கு கொண்டார்கள். "குறைந்த வேகம், பெரிய வட்டம்" என்ற மாதிரியை முன்வைத்தார்கள். 2017-ஆம் ஆண்டு ஒன்றியத்தின் மதிப்பீட்டு அறிக்கையில் அது இடம்பெற்றது. அதன்படி டவருக்கு டவர் 6 கிலோமீட்டர். நடப்பவர் வேகம் மணிக்கு 3 கிலோமீட்டர், வண்டியில் போகிறவர் வேகம் 30. ஒரு டவரின் பரப்பு ஏறத்தாழ 7,700 ஏக்கர், பழைய கணக்கைப் போல் பன்னிரண்டு மடங்கு.

இடைவெளியைக் கூட்டியவுடன் ஒரு புதிய சிக்கல் கண்ணில் பட்டது. டவர் கோயில் திருவிழா ஒலிபெருக்கி போன்றது, சத்தம் எங்கும் கேட்கும். செல்போனோ ஒரு வாட்டில் ஐந்தில் ஒரு பங்கு சக்தியில் பேசுவது, வரப்பில் நின்று வாயால் பதில் சொல்பவரைப் போல. சிக்னல் கோடு நிறையக் காட்டும், ஆனால் நோய் தாக்கிய இலையின் படத்தை எங்களுக்கு அனுப்பினால் சுற்றிக்கொண்டே இருக்கும். உங்களுக்கு இது நேர்ந்திருக்கும். அந்தக் கோடுகள் டவரின் குரல் உங்களுக்கு எப்படிக் கேட்கிறது என்பதையே காட்டுகின்றன. உங்கள் குரல் அங்கே கேட்கிறதா என்பதைக் காட்டுவதில்லை. செல்போன் அனுப்பும் அலையின் மேடு பள்ளத்தைக் குறைத்துச் சீராக்கினால் அதே கருவி இன்னும் உரக்கப் பேசலாம் என்ற வழியை இந்தியப் பொறியாளர்கள் வலியுறுத்தினார்கள். இதை உள்ளடக்கிய 5ஜிஐ என்ற இந்தியத் தரத்தை ஒன்றியம் 2021-இல் ஏற்றது. தனித் தரம் என்றால் கருவிகளின் விலை கூடும் என்று செல்போன் சேவை நிறுவனங்கள் எதிர்த்தன. அந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது என்பதே என் கருத்து. பின்னர் அதை உலகப் பொதுத் தரத்தோடு இணைக்கும் வழியைக் கண்டார்கள். அதுவே நல்ல முடிவு.

இதனால் நாளைக்கே உங்கள் ஊரில் சிக்னல் வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. எத்தனை டவர், எந்த அலைவரிசை என்பதை நிறுவனங்களின் வரவு செலவுக் கணக்குதான் தீர்மானிக்கிறது. ஆனால் விதிப் புத்தகத்தில் இடமில்லாத ஒன்றை நிறுவனமே விரும்பினாலும் எளிதில் செய்ய இயலாது.

அடுத்த தலைமுறையான 6ஜிக்கு 2030-ஐக் குறியாக வைத்து வேலை நடக்கிறது. 2023-இல் ஒன்றியம் அதற்கு ஆறு பயன்பாட்டு வகைகளை ஏற்றுக்கொண்டது. எங்கும் தொடர்பு என்பது அவற்றில் ஒன்று. கிராமமும் ஒதுக்குப்புறமும் அதில்தான் வருகின்றன. வகை எழுதியாகிவிட்டது, அதற்குள் என்ன எண்கள் நிரம்பும் என்பதுதான் நம் கவலை.

ஆகவே யாராவது கணக்கெடுக்க வந்தால் "சிக்னல் சரியில்லை" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். அதை வைத்துக்கொண்டு ஒரு பொறியாளர் ஒன்றும் செய்ய இயலாது. மொபைல் ஸ்டார்ட்டரையே பாருங்கள். அதற்குப் போக வேண்டிய செய்தி "ஓடு", "நில்" என்ற இரண்டு சொல்தான். ஒரு நிமிடம் தாமதமானால் பாதகமில்லை. போய்ச் சேராமலே தொலைந்தால்தான் வயல் காயும், அல்லது மோட்டார் கருகும். மும்முனை மின்சாரம் எந்த மணிக்கு வருகிறதோ அந்த மணிக்கு ஊரே ஒரே சமயத்தில் பேசும். டவரிலிருந்து கிணறு எவ்வளவு தூரம், நடுவில் தென்னந்தோப்பா, அறுவடைக்கு முந்திய கரும்பா, பயிர் முழு உயரம் வளரும் மாதம் எது, இவற்றை ஒரு தாளில் எழுதி வையுங்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது அந்தத் தாளை எங்களிடம் கொடுங்கள். பெயர்கூட வேண்டாம், அளவு இருந்தால் போதும்.

வாழைத் தோட்டம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். சென்சார்களின் ஆன்டெனாவையும் பெட்டியின் ஆன்டெனாவையும் மூங்கில் கழியில் கட்டி இலைக்கு மேலே உயர்த்தினோம். நான்கில் மூன்று அன்று மாலையே பேசத் தொடங்கின. நான்காவதன் ஒயரை எலி கடித்திருந்தது. எலியை நாங்களும் கணக்கில் எழுதியிருக்கவில்லை.