பச்சிளங் குழந்தைக்குப் படுக்கும் இடம்

(ஆண்டு விழா மகளிர் அரங்கில் ஆற்றிய உரை)

 

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டுச் சிலர் நகைத்திருக்கக் கூடும். பிறந்த குழந்தையை எங்கே கிடத்துவது என்பதற்கும் ஒரு சொற்பொழிவா என்று என் கணவரே கேட்டார். ஊரிலே இருந்தவரை இக்கேள்வி நமக்கு எழவில்லை. வீடே அதற்கு விடை வைத்திருந்தது. ஓர் அறை, அதில் தாய், அருகே விழித்திருக்கும் பாட்டி, மேலே உத்தரம், அதில் ஒரு தூளி. குடியிருப்புக்கு வந்தபின் உத்தரமும் இல்லை, விழித்திருக்கப் பாட்டியும் இல்லை. பேறுகாலத்திற்கென்று ஊரிலிருந்து அன்னை இரயிலேறி வந்தால் உண்டு. அவர் வந்த அன்றே, குழந்தை எங்கே படுப்பது என்ற வழக்கும் உடன் வந்துவிடும்!

என் வீட்டில் நடந்ததையே முதலில் சொல்லுகின்றேன். 1974-ஆம் ஆண்டு சனவரித் திங்கள். டில்லி இராமகிருஷ்ணபுரத்தில் ஒற்றை அறைக் குடியிருப்பு. என் மூத்த மகள் பிறந்து இருபது நாள். அவ்வூரில் அம்மாதத்து இரவுகளில் வெப்பம் ஐந்து பாகைக்கும் கீழே இறங்குவதுண்டு. தஞ்சையிலிருந்து கிராண்ட் டிரங்க் வண்டியில் வந்திருந்த என் அன்னை அக்குளிரைக் கண்டு நடுங்கிப்போனார். சன்னல் இடுக்குகளையெல்லாம் பழந்துணியால் அடைத்தார். கரியடுப்பில் கனலை நிரப்பி, புகை அடங்கியதும் என் கட்டிலின் கீழே கொணர்ந்து வைத்தார். அங்கீட்டி என்பார்களே, அதுதான். புகையில்லாத கனல் தீங்கற்றது என்று நாங்கள் இருவருமே நம்பினோம்.

நள்ளிரவில் எனக்குத் தலை பிளந்தது, வாந்தி எடுத்தேன். அன்னை எழ முயன்று சுவரைப் பிடித்துக்கொண்டு அமர்ந்துவிட்டார். ஓசை கேட்டு ஓடிவந்த அண்டை வீட்டுப் பஞ்சாபி மூதாட்டி, ஒரு சொல்லும் பேசாது கதவையும் சன்னலையும் திறந்தார். குழந்தையை எடுத்துத் தம் சால்வைக்குள் வைத்துக்கொண்டு வெளியே சென்றார். அடைத்த அறையில் எரியும் கரி, கார்பன் மோனாக்சைடு என்னும் வாயுவை உமிழ்கின்றது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அம்மூதாட்டி வந்திராவிடில் இன்று இம்மேடையில் நான் இல்லை. அன்று தொட்டு, குழந்தை உறங்கும் அறையில் கரிநெருப்புக்கு இடமில்லை என்பது எங்கள் வீட்டுச் சட்டமாயிற்று.

அங்ஙனமாயின் குளிருக்கு என்ன செய்வது? நாம் உடுத்தியிருப்பதைவிட ஒரு மடிப்பு மிகுதியாக உடுத்தினாற் போதும். மார்பையோ பிடரியையோ தொட்டுப் பார்க்க வேண்டும். வியர்த்திருந்தால் உடை மிகை. தாய் விழித்திருக்கும் பொழுது வெற்று மார்பில் குழந்தையை அணைத்துப் போர்த்திக்கொள்வது மிகவும் நன்று. கொலம்பியா நாட்டுப் போகோட்டா நகரில் 1978-இல் எட்கர் ரே என்னும் மருத்துவர் எடை குறைந்த குழந்தைகளை இம்முறையில் காக்கத் தொடங்கினார்; இன்று உலக சுகாதார நிறுவனமே இதனைப் பரிந்துரைக்கின்றது. ஆனால் கனத்த ரஜாய் குழந்தைக்கு ஆகாது. அது முகத்தின்மேல் ஏறினால் விலக்க அக்கைகளுக்கு வலிமை ஏது?

இனித் தூளியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க இயலாது. பிள்ளைத்தமிழில் தாலப் பருவம் என்று ஒரு பருவத்தையே தாலாட்டுக்கு ஒதுக்கிய இனம் நாம். எனக்கும் தூளி உயிர். ஆயினும் உண்மையை மறைத்தல் தகாது. சேலையின் குழிவில் குழந்தை வளைந்து கிடக்கின்றது. மோவாய் மார்பில் முட்டுகின்றது. கழுத்து உறுதிப்படாத முதல் மாதங்களில் அவ்வளைவிலே மூச்சுக்குழல் மடங்கி அடைபடலாம்; அழுகுரல்கூட எழாது. ஆகவே அழுகையைத் தணிக்க ஆட்டுவதாயின், ஆட்டுபவர் அருகை விட்டு அகலாதிருக்க வேண்டும். கண் அயர்ந்ததும் எடுத்துச் சமதளத்தில் கிடத்திவிட வேண்டும். தொய்ந்த கயிற்றுக் கட்டிலுக்கும், புதைகின்ற இலவம்பஞ்சு மெத்தைக்கும் இதே குற்றம் உண்டு. எல்லாவற்றிலும் கொடியது சோபா. பாலூட்டியபடியே அதில் தாய் உறங்கிவிட்டால், இடுக்கில் குழந்தை சரிவதை எவர் காண்பார்?

மல்லாந்து கிடத்துவதா, குப்புறவா? அமெரிக்க மருத்துவர் பலர் நெடுங்காலம் குப்புறவே கிடத்தச் சொல்லி வந்தனர். ஆராய்ச்சிகள் அது தவறெனக் காட்டியபின், 1992-இல் அந்நாட்டுக் குழந்தை மருத்துவக் கழகம் தன் அறிவுரையை மாற்றியது. 1994-இல் நாடு தழுவிய பரப்புரையும் நடந்தது. காரணம் அறியவொண்ணாத தொட்டில் மரணங்கள் சில ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதியாயின. நம் பாட்டிமார் எந்த நூலையும் படியாமலே மல்லாந்துதான் கிடத்தினர். கக்கிய பால் புரையேறுமே என்று அஞ்ச வேண்டா. மல்லாந்த நிலையில் மூச்சுக்குழல் உணவுக்குழலுக்கு மேலே இருத்தலால், பால் மூச்சுக்குழலை எளிதில் எட்டுவதில்லை.

தலை உருண்டையாவதற்கென்று இங்குள்ள அன்பர்கள் கடுகுத் தலையணை கொணர்ந்து தருவர். நன்றி கூறி வாங்கி, ஓராண்டுவரை பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். கொசுவுக்கு வலை கட்டுங்கள். கொசுவர்த்தியும் சாம்பிராணியும் அவ்வறையில் வேண்டா. புகைபிடிக்கும் ஆடவர் இவ்வவையில் இருப்பின், அவர்களுக்கும் அவ்வறையில் இடமில்லை!

பின் எதுதான் இடம்? தாயின் அறை, ஆனால் தனிப் படுக்கை. உறுதியான, சமமான படுக்கை. ஆறு மாதமேனும் இவ்வாறே. விலையுயர்ந்த தொட்டில் வேண்டுவதில்லை. தாழ்ந்த பலகைக் கட்டிலில் கோரைப்பாய், அதன்மேல் நான்காக மடித்து இறுக விரித்த பருத்திப் போர்வை. ஈரச் சுவரையும், மேலே பாத்திரம் அடுக்கிய பலகையையும் தவிர்த்தாற் போதும்.

இவ்வளவும் சொல்லும் நான், 2001-இல் அதே மகளுக்கு மயூர் விகாரில் பிள்ளை பிறந்தபோது எப்படி நடந்துகொண்டேன் தெரியுமோ? கையில் தூளிச் சேலையோடு போய் நின்றேன். "அம்மா, பகலில் நீ பக்கத்தில் இருந்து ஆட்டு, இராத்தூக்கம் இங்கேதான்" என்று தன் கட்டிலை ஒட்டிய பலகையைக் காட்டினாள். இரண்டு நாள் நான் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் இரவு மூன்று மணிக்கு எழுந்து பார்த்தேன். விளக்கேற்றாமலே, படுத்தபடி ஒரு கையை நீட்டிப் பிள்ளையின் மார்பின்மேல் வைத்துக்கொண்டிருந்தாள். இருவர் மூச்சும் கேட்டன. ஓசைப்படாமல் திரும்பிவிட்டேன். அந்தத் தூளிச் சேலையை மறுவாரம் அவள் இரண்டாகக் கிழித்துச் சன்னலுக்குத் திரையாக்கிவிட்டாள். அதற்கு மட்டும் இன்னும் எனக்குச் சிறிது வருத்தமுண்டு.