கணுக்கால் பிசகினால்

ஓட்டமோ, கபடியோ, காலைநேர நடையோ, எதில் இறங்கினாலும் அடிக்கடி மாட்டிக்கொள்வது கணுக்கால்தான். மேடுபள்ளத்தில் பாதம் உள்பக்கமாக மடங்கும். எலும்பையும் எலும்பையும் பிணைத்திருக்கும் நார், அதாவது லிகமென்ட், இழுபடும். சில சமயம் கிழியும். கொஞ்ச நேரத்தில் வெளிக்கணுவுக்குக் கீழே கொழுக்கட்டை மாதிரி வீங்கிவிடும்.

அவ்வளவுதான், வீட்டில் ஒருவர் எண்ணெயோடு வந்துவிடுவார், "காட்டு, நீவி விடுறேன்" என்று. அவரை அன்போடு அனுப்பிவிடுங்கள். முதல் இரண்டு நாள் அழுத்தி நீவுவதும் சூட்டு ஒத்தடமும் வீக்கத்தைக் கூட்டத்தான் செய்யும்.

ஐஸ் வைக்கலாமா? ஓய்வு, ஐஸ், கட்டு, காலை உயர்த்தி வைப்பது என்ற நான்கையும் 1978-இல் பிரபலப்படுத்தியவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின். பிற்பாடு அவரே, ஐஸ் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று மாற்றிச் சொன்னார்! வலி குறையக் கொஞ்ச நேரம், துணியில் சுற்றி வைத்தால் போதும்.

எலும்பு முறிவா என்ற சந்தேகத்துக்குக் கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992-இல் ஒரு சோதனை சொன்னார்கள். நாலு அடி எடுத்துவைக்க முடியவில்லையா? கணு எலும்பின் பின்விளிம்பையோ நுனியையோ தொட்டு அமுக்கினால் வலிக்கிறதா? இரண்டில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

ஒருமுறை பிசகிய கால் மறுபடியும் பிசக வாய்ப்பு அதிகம். வலி போனதும் தினமும் பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நின்று பழகுங்கள். பிடித்துக்கொள்ளச் சுவர் பக்கத்தில் இருக்கட்டும்!