லட்சத்தில் எத்தனை பேர்?
மூளைக் கட்டியும் நாட்டின் கணக்கும்



மூளைக் கட்டி என்ற நோயைப் பற்றி இன்று பேச எடுத்துக்கொண்டிருக்கிறோம். கூலி, போனஸ், பஞ்சப்படி என்று பேச எத்தனையோ இருக்க, இது எதற்கு என்று சிலர் நினைக்கலாம். ஆனால், வலிப்பே அறியாத ஒருவருக்குத் திடீரென்று வலிப்பு வருகிறது. ஒருவருக்குக் கண் மங்குகிறது. இன்னொருவருக்குக் காலையில் எழுந்ததும் மண்டையைப் பிளக்கும் வலி, கூடவே வாந்தி. ஜனங்கள் என்ன சொல்கிறார்கள்? காற்றுச் சேட்டை என்கிறார்கள், தலைவிதி என்கிறார்கள். அவர் இறந்துபோனால், எந்த நோயால் போனார் என்பது எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை.

இந்த நோய் ஒரு நாட்டில் எத்தனை பேருக்கு இருக்கிறது? அதை எப்படி எண்ணுகிறார்கள்? எண்ணுவதால் நமக்கு என்ன பயன்? இந்த மூன்று கேள்விகளையும் இன்று பார்ப்போம்.

கட்டி எல்லாம் ஒன்றல்ல

மூளைக் கட்டி என்றதும் புற்றுநோய் என்று பயப்படுகிறோம். அது சரியல்ல. மூளைக்குள்ளோ அதைச் சுற்றிய சவ்விலோ உண்டாகும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்லாதவை. மூளையின் சவ்விலிருந்து வளரும் மெனிஞ்சியோமா இந்த வகையில் முக்கியமானது. மெதுவாக வளரும். ஆபரேஷன் செய்து முழுவதும் எடுத்துவிட முடிந்தால், பலர் பழையபடி வேலைக்குப் போகிறார்கள். மற்ற வகை, புற்றுநோய்க் கட்டிகள். அவற்றிலே மிகக் கொடியது கிளியோபிளாஸ்டோமா. இதற்கு ஆளானவர்களில் ஐந்து வருஷம் கடந்து வாழ்பவர்கள் அமெரிக்கக் கணக்குப்படி நூற்றுக்கு ஏறத்தாழ 7 பேர்தான்.

அப்படியானால் புற்றுநோய் அல்லாத கட்டியை அலட்சியம் செய்யலாமா? கூடாது. வயிற்றில் கட்டி வளர்ந்தால் வயிறு விரிந்து இடம் கொடுக்கும். மண்டை ஓடு மூடிய எலும்புப் பெட்டி, அது விரியாது. உள்ளே வளரும் கட்டி எதுவானாலும் மூளையைத்தான் நெருக்கும். கவனிக்காமல் விட்டால் பார்வை போகும், கை கால் விழும், உயிரும் போகும்.

நுரையீரலிலோ மார்பிலோ தோன்றிய புற்றுநோய் மூளைக்குப் பரவுவதும் உண்டு. அது அந்தந்த உறுப்பின் கணக்கில் சேரும். நாம் பேசுவது மூளையிலேயே தோன்றும் கட்டிகளைப் பற்றி.

வரவும் இருப்பும்

இந்தக் கட்டிகளை விரிவாக எண்ணும் நாடுகளில் ஒன்று அமெரிக்கா. அங்கே லட்சம் பேருக்கு வருஷந்தோறும் சுமார் 25 பேருக்குப் புதிதாக மூளைக் கட்டி கண்டுபிடிக்கப்படுகிறது. அவர்களில் 7 பேருக்குப் புற்றுநோய். 18 பேருக்கு மற்ற வகை.

இது வரவுக் கணக்கு. இருப்புக் கணக்கு வேறு. ஆலை கேட்டில் இந்த வருஷம் புதிதாக எத்தனை பேரைச் சேர்த்தார்கள் என்பது ஒன்று. மஸ்டர் ரோலில் மொத்தம் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது வேறொன்று. ஏரிக்கு வரும் தண்ணீரும் ஏரியில் நிற்கும் தண்ணீரும் ஒன்றல்ல என்பது விவசாயத் தொழிலாளிக்குத் தெரியும்.

2010ம் வருஷத்தில், மூளைக் கட்டி கண்டுபிடிக்கப்பட்டு உயிரோடிருந்தவர்கள் அமெரிக்காவில் ஏறத்தாழ 6 லட்சத்து 88 ஆயிரம் பேர் என்று மதிப்பிட்டார்கள். அதாவது லட்சத்துக்கு 220 பேருக்கு மேல். இதில் புற்றுநோய்க் கட்டி உடையவர்கள் சுமார் 1 லட்சத்து 38 ஆயிரம் பேர்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். புதிதாக வருபவர்களில் புற்றுநோய்க்காரர்கள் நூற்றுக்கு 28. இருப்பவர்களில் அவர்கள் நூற்றுக்கு 20 தான். மற்றவர்கள் எங்கே போனார்கள்? சீக்கிரமே இறந்துபோனார்கள். ஓர் இலாகாவில் ஆள் வந்த வேகத்தில் வெளியே போனால், மஸ்டர் ரோலில் அங்கே கொஞ்சம் பேர்தான் தெரிவார்கள். ஆகவே இருப்புக் கணக்கை மட்டும் காட்டி, கொடிய நோய் குறைவு என்று யாராவது சொன்னால் நாம் ஏமாந்துவிடக் கூடாது. இரண்டு கணக்கையும் கேட்க வேண்டும்.

சட்டம் மாறியது, கணக்கும் மாறியது

அமெரிக்கப் பதிவேடுகளும் இந்தக் கணக்கை ஆரம்பத்திலிருந்தே முழுவதும் வைத்திருக்கவில்லை. புற்றுநோயை மட்டுமே கட்டாயமாக எழுதினார்கள். மற்ற மூளைக் கட்டிகளைப் பல பதிவேடுகள் விட்டுவிட்டன. நோயாளிகளின் சங்கங்களும் டாக்டர்களும் விடாமல் வற்புறுத்தினார்கள். 2002ல் சட்டம் வந்தது. 2004 ஜனவரி முதல் தேதியிலிருந்து புற்றுநோய் அல்லாத மூளைக் கட்டிகளையும் பதிவேட்டில் ஏற்றினார்கள். அதற்கு முன்பும் அந்தக் கட்டிகள் இருந்தன, ஏட்டில்தான் இல்லை.

கருவி வந்தாலும் கணக்கு மாறும். 1971 அக்டோபர் 1ந் தேதி, லண்டனில் விம்பிள்டன் பகுதியிலிருந்த அட்கின்சன் மார்லி ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளியின் தலையை முதன்முதலாக சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். அந்த யந்திரத்தை உருவாக்கியவர் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட் என்ற எஞ்சினீயர். முதல் ஸ்கேனிலேயே மூளைக் கட்டி தெரிந்தது. 1979ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. யந்திரம் பரவிய பிறகு, வயதானவர்களிடையே மூளைக் கட்டிக் கணக்கு ஏறியது. அதற்கு முக்கிய காரணம், முன்பு கிழடு தட்டிவிட்டது என்று விட்டுவிட்டவர்களின் தலைக்குள் இருந்ததை டாக்டர்கள் இப்போது பார்க்க முடிந்ததுதான்.

நம் நாட்டில்

இந்தியாவில் ஜனத்தொகை அடிப்படையிலான முதல் புற்றுநோய்ப் பதிவேடு 1963ல் பம்பாயில் தொடங்கியது. 1981 டிசம்பரில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் தேசியப் பதிவேட்டுத் திட்டத்தை ஆரம்பித்தது. சென்னைப் பதிவேட்டை 1981லிருந்து அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட் நடத்திவருகிறது. கிராமத்துக்கென்று முதல் பதிவேடு 1987ல் மகாராஷ்டிரத்தின் பார்சியில் ஏற்பட்டது. அங்கே பதிவாளர்கள் கிராமம் கிராமமாகச் சென்று ஜனங்களைச் சந்தித்து விவரம் சேகரித்தார்கள். ஆனால் இத்தகைய பதிவேடுகள் எல்லாம் சேர்ந்தும் நாட்டு ஜனத்தொகையில் சிறு பகுதியையே எட்டுகின்றன. புற்றுநோய் அல்லாத மூளைக் கட்டிகள் இவற்றில் ஏறுவதும் இல்லை.

2018ம் வருஷத்துக்கு, இந்தியாவில் மூளை மற்றும் நரம்பு மண்டலப் புற்றுநோய் புதிதாகக் கண்டவர்கள் சுமார் 28 ஆயிரம் பேர் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் மதிப்பிட்டது. லட்சத்துக்கு 2 பேர். அமெரிக்காவிலோ 7 பேர். நமக்கு இந்த நோய் குறைவு என்று மகிழலாமா?

நியாயமாகவே பேசுவோம். வித்தியாசம் முழுவதும் எண்ணாததால் வந்தது அல்ல. வயது ஏற ஏற இந்த நோய் அதிகமாகிறது. நம் நாட்டில் இளவயதினர் அதிகம். அமெரிக்காவிலேயே புற்றுநோய் வகைக் கட்டி வெள்ளையருக்கு அதிகமாகவும் மற்றவர்களுக்குக் குறைவாகவும் வருகிறது. ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. 2020ல் இந்தியாவில் பதிவான சாவுகளில், டாக்டர் காரணம் எழுதிக் கொடுத்தவை நூற்றுக்கு ஏறத்தாழ 22 தான். மீதி 78 பேர் எதனால் இறந்தார்கள்? டாக்டர் எழுதிய பதில் இல்லை. அந்த 78 பேரில் அதிகம் இருப்பவர்கள் யார்? டாக்டரிடம் போக வசதியில்லாதவர்கள்தான்.

எண்ணுவது எதற்கு?

ஹிரோஷிமா, நாகசாகியில் அணுகுண்டுக்குத் தப்பியவர்களையும் ஒப்பிடுவதற்காக மற்றவர்களையும் சேர்த்து, சுமார் 1 லட்சத்து 20 ஆயிரம் பேரை 1950 முதல் பட்டியலிட்டுத் தொடர்ந்து கவனித்தார்கள். கதிர்வீச்சு மூளைக் கட்டியையும் பெருக்குகிறது என்பது அப்படி எண்ணியதால் நிரூபணமாயிற்று. பெயர் பெயராக எண்ணியிராவிட்டால் அந்தச் சாவுகளும் தலைவிதி என்றே போயிருக்கும். எங்கே எத்தனை பேர் என்று தெரிந்தால்தான் எங்கே ஸ்கேன் வைப்பது, எங்கே மூளை ஆபரேஷன் டாக்டரைப் போடுவது என்று சர்க்காரைக் கணக்கோடு கேட்க முடியும்.

ஆகவே தோழர்களே, நாம் செய்ய வேண்டியது இரண்டு.

முதலாவது, தலைவலி எல்லாம் கட்டி என்று பயப்பட வேண்டாம். கட்டியாக இருப்பது மிக அபூர்வம். ஆனால் பெரியவருக்குப் புதிதாக வலிப்பு வந்தால், நாளுக்கு நாள் கூடும் தலைவலியோடு வாந்தி இருந்தால், ஒரு பக்கம் கை கால் தளர்ந்தால், பார்வையோ பேச்சோ குழறினால், மந்திரிக்க அழைத்துப் போகாதீர்கள். ஒரு நாள் கூலி போகிறதே என்று தள்ளியும் போடாதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் ஸ்கேன் உண்டு. எடுத்துவிடக் கூடிய கட்டியாக இருந்து, தாமதத்தால் ஒருவர் கண்ணை இழந்தால் அது எவ்வளவு பெரிய கொடுமை!

இரண்டாவது, நம்மில் ஒருவர் இறந்தால் சாவைப் பதிவு செய்யுங்கள். கடைசி நோயில் பார்த்த டாக்டரிடம் காரணம் எழுதிய சான்றைக் கேளுங்கள். அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்று 1969ம் வருஷத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் சொல்கிறது. ஒரு குடும்பம் துக்கத்தில் இருக்கும்போது இந்தக் காரியத்துக்கு அலைய முடியாது. சங்கத் தோழர் ஒருவர் கூடப் போய் அதைச் செய்து கொடுக்கட்டும்.