பந்துன் பாடிய ஜெர்மானியர்

ஜெர்மன் கவிதை என்றதும் கோதே, ஷில்லர், ஹைனே, ரில்கே என்று பெரிய பெயர்கள் முன்னே வந்து நிற்கும். மலாக்காவின் கிளேபாங்கில் குடியிருக்கும் எனக்கோ முதலில் நினைவுக்கு வருபவர் அடல்பர்ட் ஃபொன் ஷமிசோ. நம் வட்டாரத்து மலாய்ப் பாட்டு வடிவமான பந்துனை ஜெர்மன் மொழியில் எழுதிப் பார்த்த முன்னோடி அவர்.

1781இல் பிரான்சில் பிறந்தவர். புரட்சியில் வீடு வாசலை இழந்த குடும்பம் பெர்லினில் தஞ்சம் புகுந்தது. ஜெர்மன் அவருக்குத் தாய்மொழி அல்ல. தன் நிழலையே விற்றுவிட்ட ஒருவனின் கதையை 1814இல் வெளியிட்டுப் புகழ் பெற்றார். மறு ஆண்டு ‘ரூரிக்’ என்ற ரஷ்யக் கப்பலில் தாவரவியல் அறிஞராக ஏறி, 1818 வரை உலகைச் சுற்றினார். மணிலாவுக்கும் வந்துபோனார். பிறகு 1822இல், ‘மலாய் வடிவில்’ என்ற தலைப்பில் மூன்று கவிதைகள் எழுதினார்.

பந்துனின் அமைப்பு நம்மில் பலருக்குப் பள்ளியிலேயே அறிமுகம். முதல் இரண்டடி பெம்பாயாங். மழை, பூ, பறவை என்று ஏதோ ஒரு காட்சி. அடுத்த இரண்டடி மக்சூட். மனம் சொல்ல வந்தது. முதலடியும் மூன்றாமடியும், இரண்டாமடியும் நான்காமடியும் இயைபு கொள்ளும். பந்துன் பெர்காயிட் என்னும் தொடர்வகையில், ஒரு பாட்டின் இரண்டாம், நான்காம் அடிகள் அடுத்த பாட்டின் முதல், மூன்றாம் அடிகளாகத் திரும்பி வரும். அந்தாதி கேட்டு வளர்ந்த காதுக்கு இது பிடிபடாமல் போகாது.

ஷமிசோ கையாண்டது இந்தத் தொடர்வகையைத்தான். ஒரு கவிதையில் வெயிலில் பறக்கும் தேனீ ஒரு பக்கம். அலைந்து களைத்து, இரவுக் குளிரில் விறைத்துப்போன மனிதன் மறுபக்கம். அடிகள் திரும்பத் திரும்ப வந்தாலும் தேனீ தன் வழியிலேயே போகிறது, மனிதனின் துயரம் தன் வழியிலேயே போகிறது. இரண்டையும் அவர் ஒட்டவைக்கவில்லை. அங்கேதான் அவருடைய கூர்மை தெரிகிறது. பின்னாளில் பிரெஞ்சுக் கவிஞர்கள் சிலர் அடிகள் திரும்பி வருவதை மட்டும் எடுத்துக்கொண்டு, காட்சியையும் கருத்தையும் கலந்துவிட்டார்கள். ஓசை மிஞ்சியது, பந்துனின் உயிர் போய்விட்டது. சங்கப் பாடலின் உள்ளுறையில் தோய்ந்த தமிழருக்கு, சொல்லாமல் விட்ட அந்த இடைவெளியின் அருமை தெரியும்.

ஆனால் ஷமிசோவின் முயற்சியில் ஒரு குறை உண்டு. பந்துன் தனியாக உட்கார்ந்து எழுதும் கவிதை மட்டுமல்ல. ஒருவர் பாட, மற்றவர் அந்த இடத்திலேயே கட்டிப் பதில் பாடுவது. பியோலா, ரெபானா, கோங் ஆகிய இசைக்கருவிகள் ஒலிக்க, டொண்டாங் சாயாங் என்னும் மலாக்காப் பாட்டு மரபில் இன்றும் அப்படித்தான். மலாய்க்காரர், பாபா நியோன்யா, போர்த்துகீசிய வழியினர் ஆகியோருடன் மலாக்கா செட்டிகளும் அதைக் காத்து வருகிறார்கள். சுல்தான்கள் காலத்தில் வணிகத்துக்கு வந்த தமிழரின் வழியில் வந்தவர்கள் அவர்கள். பேச்சு மலாயாகிவிட்டது, சமயம் சைவம்தான். காஜா பெராங்கில் அவர்களுடைய கம்போங் இருக்கிறது. டொண்டாங் சாயாங்கை 2018இலும் பந்துனை 2020இலும் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. தமிழ் பேசவில்லை என்பதற்காக அந்தப் பாட்டை நாம் நம் கணக்கில் சேர்க்காமல் விடுவது எனக்கு வருத்தம் தருகிறது.

ஷமிசோவின் மூன்று கவிதைகளையும் யாராவது தமிழாக்கி, காட்சியடிகளை ஒரு குரலும் மன அடிகளை இன்னொரு குரலுமாக வானொலியில் பாட வேண்டும். காட்சிக் குரலுக்கு ஒரு செட்டிப் பாடகரை அழைத்தால் இன்னும் சிறப்பு.